விரல் கருவி சொல்லாத எண்: எங்கள் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கும், கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கும்,

பொது வார்டுக்குக் கேப்னோகிராபி, அதாவது வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் வசதி, வேண்டும் என்ற என் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் என் மேசையில் இருக்கிறது. மூன்றே வரி. பொது வார்டுக்குக் கேப்னோகிராபி அவசியமில்லை. ஒவ்வொரு படுக்கைக்கும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வசதி இருக்கிறது, தேவைப்பட்டால் இரத்த வாயுப் பரிசோதனை செய்யப்படுகிறது. அறுவை அரங்கின் கருவிகளை இனி வார்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.

இந்த மூன்று வரியில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. மறுபடியும் மனு எழுதினால் அது இன்னொரு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையோ ஊரின் பெயரையோ போடவில்லை. நான் யார் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும். யாருக்கும் தண்டனை வாங்கித் தருவது என் நோக்கம் இல்லை. அந்த மூன்றாவது வரியை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 68 வயது. பீடி, சிகரெட் வாடையே ஆகாது. ஆனால் 35 வருடம் வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை நடத்தியவர். விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டுவார். சீமைக்கருவேல் விறகு, அது இல்லாவிட்டால் தென்னை மட்டை. மழைக்காலத்தில் ஈர விறகு புகைந்துகொண்டே இருக்கும், ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதித்தான் தீயைக் கிளப்புவார். புகைபோக்கி இல்லாத சமையலறை. அங்கே குனிந்து உட்கார்ந்துதான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அந்தப் புகைதான் நுரையீரலைத் தின்றது என்று பிறகு சொன்னார்கள். அதன் பெயர் சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். புகைபிடிக்கும் ஆண்களின் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். நம் கிராமங்களில் அடுப்படியில் ஆயுளைக் கழித்த பெண்கள் எத்தனை பேர் இன்ஹேலரோடு இருக்கிறார்கள் என்று உங்கள் மருத்துவர்களைக் கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், மார்கழி மாதத்தில் ஓர் இரவு. பனி. அம்மாவுக்கு இளைப்பு அதிகமாகி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. 108-ஐ அழைத்து உங்கள் மருத்துவமனைக்கு வந்தோம். விரலில் கிளிப்பை மாட்டியதும் 84 என்று காட்டியது. உடனே மாஸ்க் போட்டு ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்கள், நெபுலைசர் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் 92, அப்புறம் 95, அப்புறம் 98. "தொண்ணூத்தெட்டு வந்துடுச்சும்மா, பயப்படாதீங்க" என்று சிஸ்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். 40 படுக்கைக்கு அன்று இரவு அவர் ஒருவர்தான். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மா தூங்கிவிட்டார். இரண்டு நாளாகக் கண் மூடாதவர் தூங்குகிறாரே என்று எனக்கும் நிம்மதி. தம்பிக்கு போன் செய்து, "98 இருக்கு, அம்மா நல்லா தூங்குறாங்க, நீ காலையில வா" என்றேன். நானும் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக் கண்ணை மூடினேன்.

ஐந்தரை மணிக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து எழுப்பினேன். எழவில்லை. உலுக்கினேன். கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தார். யாரையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்தக் குளிரில் உள்ளங்கை சூடாக, வியர்த்து இருந்தது. கையைத் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு படக் படக் என்று விழுந்து எழுந்தது. நான் திரும்பி மானிட்டரைப் பார்த்தேன். 98. பச்சை எழுத்தில், அசையாமல், 98.

ஓடி வந்த டியூட்டி டாக்டர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். கரியமில வாயு ஏறியிருக்கலாம், தமனி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த இரத்த வாயுப் பரிசோதனைக்கான ஏபிஜி கருவி ஐசியுவில் ஒன்று இருந்தது, ஆனால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்திருந்தது. வெளியில் தனியார் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும், ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். காலை ஆறு மணிக்கு ஐஸுக்கு எங்கே போவது? தம்பி மீன் மார்க்கெட்டுக்கு ஓடி, மீன் பெட்டியில் போடும் ஐஸை என் டிபன் டப்பாவில் அள்ளி வந்தான். அம்மாவின் இரத்தம் இருந்த சிரிஞ்சை அதில் செருகி, டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நண்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனான். 40 நிமிடம் கழித்து போனில் எண்களைப் படித்தான். பிஎச் 7.19. கார்பன் டை ஆக்சைடு 94.

கார்பன் டை ஆக்சைடின் இயல்பான அளவு 35 முதல் 45 வரை என்பது உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. அம்மா தூங்கவில்லை, மயங்கிக்கொண்டிருந்தார். இரவு முழுக்க ஒரு கை தூரத்தில் படுத்துக்கொண்டு நான் அதைத் தூக்கம் என்று நினைத்திருக்கிறேன்.

அதன்பிறகு உங்கள் மருத்துவர்கள் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐசியுவுக்கு மாற்றி, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளும் பைபாப் போட்டு, மூன்று நாளில் மீட்டுக் கொடுத்தார்கள். அந்த மூன்று நாளில் மணிக்கட்டுத் தமனியில் 11 முறை குத்தினார்கள். ஊசியைப் போட்ட பிறகு நாடியைத் தேடி உள்ளேயே திருப்புவார்கள். இரண்டு மணிக்கட்டும் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. நினைவு தெளிந்ததும் அம்மா சொன்ன முதல் முழு வாக்கியம், "கையில மட்டும் வேண்டாம்னு சொல்லு பாப்பா" என்பதுதான்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வருடாவருடம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு நீர்ச் சோதனை செய்து காட்டுகிறேன். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ராவை வைத்து ஊதச் சொல்வேன், பால் போல வெளுக்கும். மூச்சை அடக்கி வைத்திருந்து ஊதும் பிள்ளையின் குவளை சீக்கிரம் வெளுக்கும். "டீச்சர், அவன் ஏமாத்துறான்" என்று பக்கத்துப் பிள்ளை சண்டைக்கு வருவான். ஏமாற்றவில்லையடா, மூச்சை வெளியே விடாமல் வைத்திருந்தால் உள்ளே சேரும், சேர்ந்தது மொத்தமாக வருகிறது என்று விளக்குவேன். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வெளியே வரும் மூச்சே சொல்லிவிடும். 12 வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு, அன்று இரவு அம்மாவின் மூச்சைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாவிட்டால் போகட்டும். மருத்துவமனைக்குத் தோன்ற வேண்டாமா?

விரலில் மாட்டும் கருவி நல்ல கருவி. ஜப்பானில் டகுவோ அவோயாகி 1974-இல் அதன் அடிப்படையைக் கண்டு சொன்னார். கோவிட் காலத்தில் அது நம் வீடுகளுக்கே வந்துவிட்டது, சாச்சுரேஷன் என்ற சொல் இன்று நம் ஊரில் தெரியாதவர் இல்லை. ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா என்பது. கரியமில வாயு வெளியே போகிறதா என்று அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு மந்தமாகிப் போனாலும் அந்த எண் வெகுநேரம் அழகாகவே நிற்கும். அம்மாவுக்கு நடந்தது அதுதான். வீடு திரும்பிய பிறகு நான் இதை விளக்கிச் சொன்னபோது அம்மா கேட்டார்: "அடுப்புல விறகு இருக்கான்னு மட்டும் பார்த்தா போதுமா? புகை வெளிய போக வழி இருக்கான்னு பார்க்க வேண்டாமா?" எனக்குப் பதில் வரவில்லை.

சிஓபிடி முற்றியவர்களுக்கு ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டால் கரியமில வாயு ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது இல்லை. காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கும் இரத்தம் பாய ஆரம்பிக்கிறது, ஹீமோகுளோபின் சுமந்து வந்த கரியமில வாயுவை இறக்கிவிடுகிறது, மூச்சும் கொஞ்சம் குறைகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு சாச்சுரேஷன் 88-லிருந்து 92-க்குள் நின்றால் போதும் என்று பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2008-லேயே சொல்லிவிட்டது. 2010-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆம்புலன்ஸில் வந்த 405 நோயாளிகளில், ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த பிரிவில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்த அளவுக்குள் நிறுத்திக் கொடுத்த பிரிவில் 4 சதவீதம். இரண்டு பிரிவுக்கும் வேறு மருந்து எதுவும் மாறவில்லை, குழாயைத் திருகும் அளவுதான் மாறியது. ஆக்சிஜனே கொடுக்கக் கூடாது என்று யாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். 84-இல் வந்தவருக்கு ஆக்சிஜன் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் 98 என்பதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நிம்மதி அடைந்தோமே, அந்த நிம்மதிதான் தவறு.

சரி, இதெல்லாம் முதல் முறை நடந்தது. அதற்காக நான் மனு எழுதவில்லை. மனு எழுத வைத்தது இரண்டாவது முறை நடந்தது.

போன ஆடியில் அம்மாவுக்கு மறுபடியும் இளைப்பு. அதே வார்டு. இம்முறை நான் வாயைத் திறந்து, "இவங்களுக்குக் கரியமில வாயு ஏறும், 92-க்கு மேல போக விடாதீங்க" என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். அன்று இரவு டியூட்டியில் இருந்த இளம் மயக்க மருத்துவர் ஒருவர் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துவிட்டு, அறுவை அரங்கில் சும்மா இருந்த ஒரு சின்ன கேப்னோகிராபி மானிட்டரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பெயரை நான் எங்கும் சொல்லப்போவதில்லை.

மூக்கில் வைக்கும் ஆக்சிஜன் குழாய் போலவே ஒன்று. அதில் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு பக்கம் ஆக்சிஜன் போகிறது, இன்னொரு மெல்லிய குழாய் வெளிவரும் மூச்சில் கொஞ்சத்தை உறிஞ்சி மானிட்டருக்குக் கொண்டுபோகிறது. குத்தல் இல்லை, வலி இல்லை. அம்மா இரண்டு முறை மூச்சு விட்டதும் திரையில் ஒரு கோடு எழுந்தது. ஆரோக்கியமான மூச்சுக்கு அது நேராக ஏறி, மேலே தட்டையாக ஓடி, நேராக இறங்கும், மொட்டை மாடி வீடு மாதிரி. அம்மாவின் கோடு ஒரு பக்கம் சாய்ந்த ஓட்டுக் கூரை மாதிரி இருந்தது. மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பதால் காற்று மெதுவாகக் காலியாகிறது, அதனால்தான் அந்தச் சாய்வு என்று அந்த மருத்துவர் விரலால் தொட்டுக் காட்டினார். கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் எண். 58.

உடனே ஒரே ஒரு முறை தமனி இரத்தம் எடுத்தார்கள், அதுவும் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு. அதில் வந்தது 67. "ஒன்பது வித்தியாசம். இவங்க நுரையீரலுக்கு இது எதிர்பார்த்ததுதான். இனி ராத்திரி முழுக்க இந்த எண் ஏறுதா இறங்குதான்னு பார்த்தா போதும்" என்றார். ஒரு தாளில் நேரத்தையும் எண்ணையும் எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்தார். இரவு 2 மணிக்கு 58 என்பது 63 ஆனது. அப்போது சாச்சுரேஷன் 95. சிஸ்டரை எழுப்பினேன், அவர் மருத்துவருக்கு போன் செய்தார், ஆக்சிஜனை இரண்டு லிட்டரிலிருந்து ஒன்றாகக் குறைத்தார்கள். 4 மணிக்கு 55. சாச்சுரேஷன் 90. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து "என்னடி" என்றார். விடிந்ததும் இன்னொரு முறை இரத்தம் எடுத்தார்கள், 63 என்று வந்தது. ஐசியு இல்லை. மொத்தம் இரண்டே குத்தல்.

முதல் முறையும் அதே அம்மாதான், அதே நுரையீரல்தான், அதே வார்டுதான். அன்று திரையில் அந்தக் கோடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் நாள் காலை அந்த மானிட்டரை எடுத்துப் போய்விட்டார்கள். அரங்கின் பொருளை அனுமதி இல்லாமல் வார்டுக்குக் கொண்டுவந்தது ஏன் என்று அந்த மருத்துவரிடம் விளக்கம் கேட்டிருப்பதாகப் பிறகு தெரிந்தது. நான் மனு கொடுத்தேன். உங்கள் மூன்று வரி வந்தது.

அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களை நானும் யோசித்துப் பார்த்தேன். நேரில் வந்தபோது அலுவலகத்தில் ஒருவர் சொன்னது, சிஓபிடி நோயாளிக்கு மூச்சில் அளக்கும் எண்ணும் இரத்தத்தில் அளக்கும் எண்ணும் ஒத்துப்போகாது, ஆகவே அதை நம்ப முடியாது என்பது. பாதி உண்மை. நல்ல நுரையீரலில் வித்தியாசம் 2 முதல் 5 வரைதான் இருக்கும். கெட்டுப்போன நுரையீரலில் அது கூடும், ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே நிலைமை மாறினால் மாறும். ஆனால் தவறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மூச்சில் வரும் எண் பெரும்பாலும் இரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். மூச்சிலேயே 58 வந்தால் இரத்தத்தில் அதற்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம், அது ஒன்றே ஒரு மருத்துவரை ஓடி வர வைக்கப் போதும். எண் குறைவாக வந்தால் மட்டும் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஒரு முறை இரத்தம் எடுத்து வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும். அன்று இரவு அந்த மருத்துவர் செய்தது அதுதான். பைபாப் மாஸ்க் போட்டிருக்கும்போது காற்று கசிவதால் மூக்கில் அளக்கும் எண் தடுமாறும் என்பதையும் அவரே சொன்னார். எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்று தெரிந்தவர்கள் உங்களிடமே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

"தேவைப்பட்டால் இரத்த வாயுப் பரிசோதனை" என்ற வரிக்கு வருகிறேன். தேவைப்படுகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்? அம்மாவுக்குத் தேவைப்பட்டது நள்ளிரவில். எடுத்தது விடிந்த பிறகு, அதுவும் மீன் மார்க்கெட் ஐஸில். ஏபிஜிதான் கடைசி வார்த்தை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது அந்த ஒரு நிமிடத்தை மட்டும்தான் சொல்கிறது, அடுத்த நிமிடத்துக்கு மறுபடியும் குத்த வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை தமனியைக் குத்திக்கொண்டிருக்க முடியாது. சிரையில் எடுக்கும் இரத்தத்திலேயே கரியமில வாயு 45-க்குள் இருந்தால் தமனியில் ஏறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அங்கேயே பலருக்குத் தமனிக் குத்தலைத் தவிர்த்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்கும் ஏபிஜி கருவியில் கார்ட்ரிட்ஜ் இருக்க வேண்டும்.

கேப்னோகிராபி புதிய தொழில்நுட்பம், இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்று யாராவது சொல்வார்களானால், இது புதிதே இல்லை. கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்புக் கதிரை விழுங்கும் என்பதை ஜான் டின்டல் லண்டனில் 1859-லேயே அளந்து காட்ட ஆரம்பித்துவிட்டார். பூமி ஏன் சூடாகிறது என்று பாடம் நடத்தும்போது நான் சொல்வதும் அதே பண்புதான். 1943-இல் ஜெர்மனியில் லுஃப்ட் அந்தப் பண்பை வைத்து வாயுவை அளக்கும் கருவியை வெளியிட்டார். 1978-இல் நெதர்லாந்து மயக்க மருந்து கொடுக்கும் இடங்களில் இதை வழக்கமாக்கியது. 2011-இல் பிரிட்டனில் மயக்க மருத்துவர்களின் கல்லூரி நடத்திய பெரிய தணிக்கையில், ஐசியுவில் மூச்சுக்குழாய் தொடர்பான சிக்கலால் இறந்தவர்கள், மூளை பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் விஷயத்தில் இந்தக் கருவி இல்லாததோ அதைச் சரியாகப் பயன்படுத்தாததோ ஒரு காரணம் என்று எழுதினார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. காது மடலிலோ கையிலோ ஒரு சிறிய வில்லையை ஒட்டி, தோலைச் சுமார் 42 டிகிரிக்குச் சூடாக்கி, தோல் வழியாகக் கசியும் கார்பன் டை ஆக்சைடை அளப்பது. அதற்குள் இருப்பது 1950-களில் ஸ்டோவும் செவரிங்ஹாஸும் உருவாக்கிய மின்முனையின் வழிவந்ததுதான். பைபாப் மாஸ்க் போட்டவர்களுக்கும், ஒரு துளி இரத்தமும் கணக்கான குறைமாதக் குழந்தைகளுக்கும் அது பெரிய உதவி. விலை அதிகம், வில்லையின் மேல்தோலை மாற்ற வேண்டும், வாயு வைத்துச் சரிபார்க்க வேண்டும், தோல் பொசுங்காமல் இருக்கச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றி ஒட்ட வேண்டும். அதை இன்றே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கணக்கு பார்த்து வளர்ந்தவள், பணம் மரத்தில் காய்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் முதலில் கேட்பதற்குப் புதிதாகப் பணமே தேவையில்லை. அந்த மானிட்டர் ஏற்கெனவே உங்கள் கட்டடத்தில் இருக்கிறது. இரவு நேரத்தில் அரங்கில் உறை போட்டு மூடி வைத்திருக்கிறது. வார்டுக்கும் அரங்கத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மாடிப்படி.

2021-இல் மூச்சுக்காக ஊரே தெருவில் நின்ற பிறகு, மருத்துவமனைகளில் ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் வந்தன. இன்று உங்கள் வார்டில் ஒவ்வொரு படுக்கைத் தலைமாட்டிலும் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது. பெரிய காரியம், அதற்காக உழைத்தவர்களை மறக்க மாட்டோம். ஆனால் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் திறந்துவிடுவதும் சுலபமாகிவிட்டது. கொடுப்பதற்கு 40 குழாய், கரியமில வாயுவைக் கவனிப்பதற்கு ஒரு கருவிகூட இல்லை. இதை நீங்கள் போதுமானது என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் வேண்டுகோள்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அரங்கின் கருவிகளை வார்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்ற உத்தரவை, கேப்னோகிராபி மானிட்டரைப் பொறுத்தவரையாவது திரும்பப் பெறுங்கள். அரங்கில் பயன்படாத நேரத்தில், மயக்க மருத்துவர் கையெழுத்திட்டு எடுத்துப் போய்த் திரும்ப வைக்கும் ஒரு பதிவேடு போதும். அந்த இளம் மருத்துவரிடம் கேட்ட விளக்கத்தையும் ரத்து செய்யுங்கள். அவர் செய்தது ஒழுங்கீனமாக அவரது பதிவில் நிற்கக் கூடாது. அது நின்றால் அடுத்து வருகிற மருத்துவர் யாரும் எதையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற மாட்டார்.

அடுத்த கொள்முதலில் பொது மருத்துவ வார்டுக்கென்று கையடக்கமான கருவி ஒன்றாவது வாங்குங்கள். வாங்கும்போதே மூக்குக் குழாய்களுக்கும், ஈரம் பிடிக்கும் சின்னக் கிண்ணங்களுக்கும் சேர்த்து வருடாந்தர ஆணை போடுங்கள். கருவி வந்து குழாய் தீர்ந்ததும் அலமாரிக்குப் போவதை நாம் எத்தனையோ விஷயத்தில் பார்த்துவிட்டோம், பள்ளி ஆய்வகத்திலும் இதே கதைதான். ஏபிஜி கார்ட்ரிட்ஜ் கையிருப்பு குறையும்போதே எச்சரிக்கும் ஏற்பாடு வேண்டும், இரவிலும் விடுமுறை நாளிலும் அது இருக்க வேண்டும்.

செலவே இல்லாத ஒன்று: சிஓபிடி நோயாளி யார் படுத்தாலும் தலைமாட்டில் "88–92" என்று எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். இரவு சிஸ்டர் மாறினாலும் அட்டை மாறாது. அம்மாவுக்கு நானே ஒன்று எழுதி ஒட்டினேன். அதைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் எதுவும் ஒட்டக் கூடாதாம். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளும் நோயாளிகளின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் இந்த எண்ணையும், அவர்களுக்கு முன்பு கரியமில வாயு எவ்வளவு இருந்தது என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். 108-இல் ஏறும்போது காட்ட எங்கள் கையில் அது இருக்க வேண்டும்.

வார்டு சிஸ்டர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் ஒரு மதியம் ஒதுக்கி, அந்தக் கோட்டை எப்படிப் படிப்பது, எப்போது நம்பக் கூடாது, ஆக்சிஜனில் இருக்கும் நோயாளி "நல்லா தூங்குறாங்க" என்றால் ஏன் ஒரு முறை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் மயக்க மருந்துத் துறையே இதைச் செய்ய முடியும். அவசரம் இல்லாத நேரத்தில் தமனியில் குத்துமுன் மரத்துப்போகும் ஊசி போடுவதையும் வழக்கமாக்குங்கள்.

பச்சிளம் குழந்தைப் பிரிவுக்குத் தோல் வழி அளக்கும் கருவி ஒன்று தேவையா என்பதை அங்குள்ள குழந்தை மருத்துவர்களிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். தேவை என்று அவர்கள் சொன்னால் அதை உங்கள் கோரிக்கையாக மேலே அனுப்புங்கள். நன்கொடை திரட்ட வேண்டுமானால் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களிடம் நான் பேசுகிறேன்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஏன் என்பதை வருகிற மார்கழி பிறப்பதற்குள் எழுத்தில் தெரிவியுங்கள். பனி இறங்க ஆரம்பித்தால் அம்மாவை நான் மறுபடியும் உங்கள் வார்டுக்குத்தான் கூட்டி வர வேண்டியிருக்கும். எங்களுக்கு வேறு மருத்துவமனை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் இரண்டு முறை படுத்திருந்த நோயாளியின் மகள்